ஒரே பெட்டிக்குள் இரண்டு பக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காது மருத்துவரின் வாசல் பெஞ்சில் கிடைத்தது. யாரோ மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு வருவதுபோல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் போனது காதில் அழுக்கு எடுக்க. (எவ்வளவு அழுக்கு என்று கேட்காதீர்கள். மருத்துவர் வெளியே எடுத்துக் காட்டியபோது, முந்தைய தேர்தலில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தியவரின் கடைசி வாக்குறுதி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.) என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். மணி என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். நான் ஏதோ கேட்கிறேன் என்று வாயசைவில் தெரிந்துகொண்டு எழுந்தார், என்னைச் சுற்றி வந்தார், எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தார்.

"வலது காது லீவுல போயிருக்குங்க. இந்தப் பக்கம் பேசுங்க."

"எப்ப திரும்பி வருமாம்?"

"லீவு லெட்டர்ல தேதி போடாம போயிடுச்சு."

கணவர் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர், தான் கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர் என்று மேலும் இரண்டு தகவல் சொன்னார். கோயில் என்றால் மாதா கோயில். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு. நிஜம் எங்கே முடிகிறது, புளுகு எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். இந்தப் பத்தியின் முற்றுப்புள்ளிதான் எல்லைக்கல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒலி என்பது காற்றின் நடுக்கம். காற்று நடுங்கும்போதெல்லாம் மனிதனின் ஆழ்மனமும்—

நிறுத்திவிட்டேன். காற்று நடுங்கினால் போர்த்திக்கொள்ளட்டும், நமக்கென்ன. அடுத்தது:

தேவாலயத்தின் மணி ஒலித்தபோது அவள் கண்களில்—

கண்களில் என்ன? 'கண்ணீர்' என்று எழுதத்தான் கை போனது. கதை இன்னும் ஒரு வரி நகரவில்லை, அதற்குள் அழுவதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்தா? போதாக்குறைக்கு, கோளாறு காதில், கண்ணில் அல்ல. அடித்துவிட்டேன். மூன்றாவதுதான் தேறியது:

பெட்டிக்காரர் வீட்டில் நாற்காலி கிடையாது. பெட்டிகள்தான்.

விருந்தாளி வந்தால் உட்காருவதும் பெட்டியின் மேல், காப்பி வைப்பதும் பெட்டியின் மேல். முன்னறை முழுக்க மரத்தூள். மூலையில் பசை டப்பா, ஒரு பழைய சாஸரின் மேல் சூடு ஆறிக்கொண்டிருக்கும் சால்டரிங் அயர்ன், பொரித்த அப்பளம்போல் அடுக்கி வைத்த ஸ்பீக்கர் காகிதங்கள். ஒரு தடவை அவர் புதிதாகச் செய்த பெட்டியில் அடிநாதத்தைச் சோதித்தபோது, எதிர்வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்த வீட்டு மாமனாரின் படம் தானாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் மருமகள் நிம்மதியாக இருந்தாள் என்றும், பெட்டிக்காரருக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் அனுப்பினாள் என்றும் கேள்வி.

(பாயசத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். படம் திரும்பியதை நம்புகிறவர் பாயசத்தையும் நம்புவார்.)

3

பெஞ்சில் பார்த்தவரை 'அவர்' என்றேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. மரியாதைக் குறைவு இல்லை. கணவரும் 'அவர்', மனைவியும் 'அவர்', பாதிரியாரும் 'அவர்' என்றால் யாருக்குக் காது கேட்கவில்லை என்று எனக்கே குழம்பிவிடும்.

அவளுக்குச் சளி பிடித்தது. சளி போயிற்று. போகிற சளி துணைக்கு வலது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பார்க்காத வைத்தியம் இல்லை. கோயில் பாடகர் குழுவில் பெண்கள் வரிசையின் கடைசி ஆள் அவள். கனத்த குரல். அவள் அடியில் தாங்கிப் பிடிப்பதால்தான் மற்ற பெண்கள் மேலே ஏறி ஆடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த மற்ற பெண்களைத் தவிர.

ஒரு சனிக்கிழமை அவள் ஒத்திகைக்குக் கிளம்பவில்லை.

"போகலையா?" என்றார் பெட்டிக்காரர்.

"தொண்டை சரியில்லைன்னு சொல்லிட்டேன்."

"தொண்டைக்கு என்ன கேடு? காலைல என்னைத் திட்டினது தெருமுனை வரைக்கும் கேட்டுதே."

"திட்டறதுக்குக் கூட்டாளி வேணாங்க. பாடறதுக்கு வேணும்." பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "எனக்கு இடது கைப்பக்கம் ஜன்னல். அவ்வளவு பேரும் வலது பக்கம், செத்த காதுப் பக்கம். நான் ஜன்னலோட ஜோடி சேர்ந்து பாடிட்டிருக்கேன். போன வாரம் பாட்டு முடிஞ்சதுகூடத் தெரியாம நான் மட்டும் இழுத்துட்டு நின்னேன்."

"அந்தக் கோடிக்கு மாறி நின்னுக்கயேன். எல்லாரும் நல்ல காதுப் பக்கம் வந்துடுவாங்களே?"

"அது ஆம்பளைங்க பக்கம். பொம்பளைங்க ஜன்னல் பக்கம், ஆம்பளைங்க கதவுப் பக்கம். கட்டடம் கட்டின நாள்லேருந்து அப்படித்தான். என் ஒருத்திக்காக அத்தனை பேரையும் இடம் பெயரச் சொல்லவா? ஐயோ பாவம், ஐயோ பாவம்னு பாத்தே கொன்னுடுவாங்க. நீங்க யார்கிட்டயாவது என் காதைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். மனைவி சத்தியம் கேட்கும்போது பேரம் பேசாத ஜாதி அவர். ஆனால் அவளுக்குப் பாட்டு போனதோடு, வீட்டில் முணுமுணுப்பும் போயிற்று. முன்பெல்லாம் துணி மடிக்கும்போதும் ஏதாவது ஒரு ராகம் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது துணி மட்டும் மடிந்தது. உலகத்துச் சத்தத்தையெல்லாம் பெட்டிக்குள் அடைக்கிற மனுஷனுக்குத் தன் வீட்டு அமைதியை எதில் அடைப்பதென்று தெரியவில்லை.

4

அந்த நேரம் பார்த்துத்தான் பாதிரியார் வந்தார். (பார்த்தீர்களா, 'அந்த நேரம் பார்த்து'. வேறு வழி இல்லாத கதைக்காரனின் ஊன்றுகோல். மன்னித்துவிடுங்கள்.)

கோயிலில் இரண்டு மூலையிலும் இரண்டு பழைய ஸ்பீக்கர்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பெண்கள் பாடுவது மட்டும் கேட்கும். கதவுப் பக்கம் உட்கார்ந்தால் ஆண்கள் மட்டும். நடுவில் உட்கார்ந்தால் இரண்டும் மோதி எதிரொலி. எதிரொலி என்றால் சாதாரண எதிரொலி இல்லை. பாதிரியார் இந்த வாரம் சொன்ன ஆமென் அடுத்த வாரப் பிரசங்கத்தின் நடுவில் வந்து சேரும், அதுவும் பொருத்தமில்லாத இடத்தில்.

"பீடத்துக்கு மேல வளைவு இருக்கு, ஃபாதர். அங்க ஒரே பெட்டி மாட்டிடலாம்," என்றார் பெட்டிக்காரர்.

"ஒரே பெட்டின்னா ஆம்பளை பொம்பளை எல்லாம் ஒண்ணாக் கலந்து கூழாயிடாதா?"

"ஆகாது. உள்ள ரெண்டு ஸ்பீக்கர். முன்னால பாக்கறது ரெண்டு பக்கத்தையும் கூட்டிச் சொல்லும். இன்னொண்ணைப் பக்கவாட்டுல வெப்பேன். அது ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்லும்."

பாதிரியார் முகத்தில் வெளிச்சம் இல்லை.

"குடும்பச் சண்டைன்னு வெச்சுக்கங்க," என்றார் பெட்டிக்காரர். "பெரியப்பா நடுவுல நின்னு பொதுவாப் பேசறார். சித்தப்பா மட்டும் குறுக்கால நின்னுகிட்டு, இவங்க பேச்சுக்கும் அவங்க பேச்சுக்கும் என்ன வித்தியாசம்னு அதையே பேசறார். சித்தப்பா ஒரு சுவரைப் பாத்துத் தள்ளும்போது மறு சுவர்லேருந்து இழுப்பார். தள்ளற பக்கம் கூட்டல், பொம்பளைங்க குரல் நிக்கும். இழுக்கற பக்கம் கழித்தல், ஆம்பளைங்க குரல் நிக்கும். எங்க உக்காந்தாலும் ரெண்டும் கேக்கும்."

"எங்க குடும்பத்துலயும் அப்படி ஒரு சித்தப்பா உண்டு," என்றார் பாதிரியார். வேலை உறுதியாயிற்று.

பாதிரியாரிடம் சொல்லாத காரணம் ஒன்று பெட்டிக்காரர் மனதுக்குள் இருந்தது. மனைவி இப்போது கும்பலோடு கும்பலாகக் கீழே உட்கார்ந்து, நல்ல காதுக்கு எட்டிய பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறாள். முழுசாகக் கேட்டால்? முழுசாகக் கேட்டவளுக்குப் பாடாமல் இருக்க முடியுமா?

ஒற்றைக் காதுக்கு, இரண்டு பக்கமும் பிரிந்து கேட்கிற ஸ்டீரியோ எதற்கு என்று இந்த இடத்தில் கேட்டிருப்பீர்கள். கேட்காவிட்டாலும் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.*

* அவள் தலையைத் திருப்பப் பழகியிருந்தாள். சமையலறையில் கரண்டி விழுந்தால், கோழி புழுவைப் பார்ப்பதுபோல் தலையை இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் திருப்புவாள். எந்தப் பக்கம் திருப்பும்போது சத்தம் கூடுகிறதோ அங்கே நேராகப் போய்க் கரண்டியை எடுப்பாள். நம்பாதவர்கள் ஒரு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டில் கரண்டியைப் போட்டுப் பார்க்கலாம். அடி வாங்கினால் நான் பொறுப்பல்ல.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று பாட்டு வாத்தியாரை உள்ளே கொண்டுவந்தேன். குழுவை நடத்துகிறவர். மீசையெல்லாம் வைத்து, அவளைப் பார்த்து 'ஒழிந்தது சனியன்' என்று மனதுக்குள் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஒட்டவே இல்லை. அந்த மனிதர் ஒவ்வொரு ஒத்திகையிலும் ஜன்னலோரக் கடைசி இடத்தில் யாரையும் நிற்க விடாமல், "அக்காவுக்குத் தொண்டை சரியாகி வருவாங்க, தள்ளி நில்லுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிய மீசையைக்கூட அவரே மழித்துவிட்டார். ஆகையால் இந்தக் கதையில் வில்லன் இல்லை. காது ஒன்று போனதே, அது போதும்.

6

பெட்டியின் மரவேலை முழுக்க மச்சானுடையது, அதாவது அவள் தம்பியுடையது. தச்சர். உளி பிடித்தால் கலைஞன், வாய் திறந்தால் வம்பன். சாரம் கட்டி ஏறி, வளைவில் பெட்டியை மாட்டி, சாரத்தைப் பிரித்து அனுப்பிவிட்டுக் கைதட்டித் தூசியை உதறினான். சனிக்கிழமை மதியம் ஒத்திகை. பெண்களுக்கு ஒரு மைக், ஆண்களுக்கு ஒரு மைக். பெட்டிக்காரர் கூடத்தின் கோடியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால். மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தார்.

"பாட வேணாம்மா. சும்மா கேட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கூடத்தைப் பார்த்தபடி பீடப் படியில் நின்ற குழு பாடியது.

பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். சுவரே பாடுவதுபோல் இருந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். ஐஸ்கிரீம்கூட உருக மறந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் தலையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், மறுபடி இப்படித் திருப்பினாள்.

"என்னங்க," என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது. "பொம்பளைங்க ஜன்னல் பக்கம் நிக்கிறாங்க. ஆனா குரல் கதவுப் பக்கத்துலேருந்து வருது."

சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. பெண்களை மட்டும் பாடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, குரல் வரும் பக்கம் கையை நீட்டினார். கண்ணைத் திறந்து பார்த்தால் கை கதவைக் காட்டிக்கொண்டிருந்தது.

பெட்டிக்காரர் வளைவை அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"டேய் மச்சான். பெட்டி தலைகீழா தொங்குது."

"ஆமா அத்தான்," என்றான் மச்சான், பெருமையோடு. "கீழ உக்காந்து பாக்கறவங்களுக்கு அடிப்பக்கம்தானே தெரியும்? மேல்பக்கத்துக்கு நான் எத்தனை கோட் பாலிஷ் போட்டேன்! அதைக் கொண்டுபோய் பல்லிக்கா காட்டறது? அதான் மேல்பக்கத்தைக் கீழ திருப்பிட்டேன். சத்தம் கேக்குதில்ல?"

"சித்தப்பா திரும்பிட்டார்டா!"

"எந்தச் சித்தப்பா?"

பெட்டியைத் தலைகீழாக்கினால், ஜன்னலைப் பார்த்திருந்த பக்கவாட்டு ஸ்பீக்கர் கதவைப் பார்க்கும். கூட்டலும் கழித்தலும் சுவர் மாறிக்கொள்ளும். பாலிஷ் மட்டும் பளபளவென்று இருந்தது.

"நாளைக்குக் காலைல பூசை," என்றார் பாதிரியார். "இப்ப என்ன பண்றது?"

பெட்டிக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். குழுவைப் பார்த்தார், பெஞ்சில் மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சாரம் கட்டி இறக்கினாத்தான் உண்டு, ஃபாதர். வேற வழியே இல்ல. ஒண்ணு வேணா செய்யலாம்... பாடறவங்க மைக்கோட இடம் மாறி நின்னுக்கலாம். பொம்பளைங்க கதவுப் பக்கம், ஆம்பளைங்க ஜன்னல் பக்கம்."

7

இந்த இடம் வரை எழுதிவிட்டு, ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். தொழில் விஷயத்தில் பிழை இருந்தால் சொல்வாரே என்று. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், இது ஒரு கதையா?"

"ஏன்?"

"மிக்ஸர்லேருந்து இடதுக்கு ஒரு பிளக் வருது, வலதுக்கு ஒரு பிளக் வருது. ரெண்டையும் பிடுங்கி மாத்திச் சொருகு. தும்மறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. பெட்டியை எதுக்குய்யா இறக்கணும்? ஆளுங்களை எதுக்குய்யா நகத்தணும்? ஸ்கூல் புள்ளைகூட சிரிக்கும்யா உன்னைப் பாத்து!"

எனக்கு முகம் செத்துவிட்டது. எனக்குத் தெரிந்த மின்சாரம் சுவிட்சோடு முடிந்துவிடும். கதையைக் கிழிக்க மேல் பக்கத்தைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றது.

எனக்குத் தெரியாது, சரி. பெட்டிக்காரருக்கு?

நண்பருக்குத் தெரிந்தது, ஸ்கூல் பிள்ளைக்குத் தெரிந்தது, வாழ்நாளெல்லாம் பெட்டி செய்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? பின்னே ஏன் பாதிரியார் முகத்தைப் பார்த்து, பீடத்துக்கு எதிரே நின்றுகொண்டு, 'வேற வழியே இல்ல' என்றார்?

ஆறாம் பகுதிக்குத் திரும்பிப் போய் நான் எழுதியதை நானே படித்தேன். வாயைத் திறந்தார். மூடினார். குழுவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நான்தான் எழுதினேன், எதற்கு எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. சும்மா இடம் நிரப்ப எழுதியது. அந்த மனுஷன் அந்தச் சின்ன இடைவெளிக்குள் புகுந்து ஒரு பொய்யைச் செய்து முடித்திருக்கிறார், என்னைக் கேட்காமலே. பெண்கள் கதவுப் பக்கம் வந்தால் கடைசி இடம் கதவோரம். கதவோரம் நின்றால் அவளுக்கு வலப்பக்கம் கதவு. குழு முழுக்க இடப்பக்கம்.

நல்ல காதுப் பக்கம்.

காதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றுதான் அவர் சத்தியம் பண்ணியிருந்தார். பிளக்கைப் பற்றி யாரும் அவரிடம் சத்தியம் வாங்கவில்லை.

நண்பரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அடப்பாவி" என்றார். என்னைச் சொன்னாரா, பெட்டிக்காரரைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

8

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கூடத்தில் பிளக் விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் உண்டு. வீட்டில் பெட்டிக்காரர் பெட்டி சோதிக்கும்போதெல்லாம் "மாத்து" என்று கத்துவார். அடுப்படியிலிருந்து வந்து இரண்டு பிளக்கையும் பிடுங்கி மாற்றிச் சொருகிவிட்டுப் போவது அவள்தான். (இதை நான் இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போயிற்று. பாயசத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.)

குழு இடம் மாறத் தொடங்கியது. அப்படியொன்றும் சுலபமாக நடந்துவிடவில்லை.

"எங்கப்பா நின்ன இடம் இது," என்றது ஓர் ஆண் குரல்.

"உங்கப்பா உக்காந்துதான் பாடுவாரு, வாங்க," என்றது ஒரு பெண் குரல்.

"ஜன்னல் பக்கம் காத்தோட்டமா இருக்கே! இத்தனை வருஷமா இதை நீங்களேதான் அனுபவிச்சீங்களா?"

"நாளைக்கு ஒரு நாள் நீங்களும் அனுபவிங்க."

பெஞ்சில் அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோடியில் நிற்கும் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மிக்ஸரில் எதையோ கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க அங்கே ஒன்றுமில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் காதுவரை சிவந்தது. தனக்காக, தனக்குத் தெரியாமல், தான் வேண்டாம் என்று சொன்னதையே. அதுவும் கோயிலுக்குள் நின்று ஒரு பொய் சொல்லி. எழுந்தாள். நேராக முன்னால் நடந்தாள்.

'ரெண்டு பிளக்கை மாத்தினா போதும், ஃபாதர். இவருக்கு நல்லாத் தெரியும்.' இதுதான் அவள் சொல்லப்போனது. வார்த்தை வாயில் தயாராக இருந்தது.

பாட்டு வாத்தியார் அவள் வருவதைப் பார்த்தார். தப்பாகப் புரிந்துகொண்டார்.

"அக்கா! தொண்டை சரியாயிடுச்சா? வாங்க வாங்க. ஏம்மா, கொஞ்சம் நகந்துக்கங்க, அக்காவுக்கு இடம் விடுங்க. உங்க இடம் உங்களுக்குத்தான், இன்னிக்கு இந்தக் கோடியில இருக்கு, அவ்வளவுதான்."

பக்கத்துப் பெண் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டாள். ஆர்கன் தொடங்கிவிட்டது. முதல் அடியை ஆண்கள் எடுத்தார்கள், அதற்குமேல் பெண்கள் ஏறினார்கள். அவ்வளவு பேரும் ஒரேயடியாக அவள் இடது காதுக்குள் வந்தார்கள். பக்கத்துப் பெண் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பின்வரிசையில் ஒருத்தி வழக்கம்போல் அரை சுருதி கீழே போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பிசகான சுருதியைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

பாதிரியார் ஒருவர்தான் சரியாகக் கவனித்தார். படியேறிப் பக்கத்தில் வந்து, "ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். கூடத்தின் கோடியைப் பார்த்தாள். பெட்டிக்காரர் இப்போது துடைப்பதை விட்டுவிட்டார். அவருடைய இரண்டு கையும் இரண்டு பிளக்கின் மேல் இருந்தன. அவள் சொன்னால் பிடுங்கிவிடுவார். அவ்வளவு நேர்மை அவருக்கு உண்டு.

கனத்த குரல் நுழைய வேண்டிய அடி நெருங்கிக்கொண்டிருந்தது.

9

முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், பெட்டிக்காரர் மாற்றிச் சொருகுகிறார், பெண்கள் ஜன்னலுக்குத் திரும்புகிறார்கள், அவள் பெஞ்சுக்குத் திரும்புகிறாள். வாய்மையே வெல்லும். எழுதிப் பார்த்தேன், பேனாவுக்கே பிடிக்காமல் மை கக்கிவிட்டது.

முடிவு இரண்டு: அவள் பாடுகிறாள். அந்தக் கனத்தில் கோயில் ஒரு சாண் தரைக்குள் இறங்குகிறது, அப்புறம் வாசற்படி ஒன்று குறைந்து முழங்கால் வலிக்காரர்களுக்கெல்லாம் சௌகரியமாகிறது. இதை எழுதும்போது எனக்குக் குஷியாகத்தான் இருந்தது. ஆனால் படித்துப் பார்த்த நண்பர், "படிக்கட்டுக்காகவா அவ பாடினா?" என்றார். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அவள் சொல்கிறாள், எதைச் சொல்கிறாள் என்றால், பிளக்கை அல்ல, காதை. 'எனக்கு வலது காது கேக்காது, இந்தப் பக்கமே நின்னுக்கறேன்' என்று அத்தனை பேர் முன்னாலும். அப்படியானால் பொய்யும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம், பெட்டியை நிமிர்த்தி மாட்டினாலும் அவள் இடத்தை மாற்ற வேண்டாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் வாயில் நான் திணிக்க முடியாது. பாட்டு வாத்தியாருக்கு மீசை வைக்கவே என்னால் முடியவில்லை.

ஆகவே, முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்கிறேன். மூன்றில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நாலாவதாக ஒன்று செய்துகொண்டாலும் சண்டைக்கு வர மாட்டேன். நான் கடைசியாகப் பார்த்தபோது பாதிரியார் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்காரரின் கை பிளக்கிலேயே இருந்தது. அவள் வாயைத் திறந்துவிட்டாள். தோள் உயர, விலா விரிய, அடிவயிறு வரைக்கும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் யார் பக்கமும் பேசவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 'பிளக்' என்று சொல்வதற்கு அவ்வளவு மூச்சு வேண்டாம்.